பென்ரோஸ் சபையில் ஒரு தங்கச்சி

2016 ஆகஸ்டில் வேலை விஷயமாக ஆக்லாந்து போனபோது ஒரு ஞாயிற்றுக்கிழமை கையில் மிஞ்சியது. அமெரிக்கக் கறுப்பின மக்களுக்கு அவர்களுடைய தேவாலயம் சோறு, வேலை, வழக்கு என்று எல்லாவற்றிலும் துணை நிற்பதைப் பற்றி அப்போது வாசித்துக்கொண்டிருந்தேன். நம் ஆட்களுக்கு அப்படி ஏதாவது உண்டா என்று, பக்குரங்கா புறநகரில் இருக்கும் கல்லூரித் தோழன் முருகனிடம் கேட்டேன். "பென்ரோஸ்ல ஒரு தமிழ்ச் சபை இருக்கு, போய்ப் பாரு. நான் தூங்கணும்," என்றான்.

நகர மையத்தில் பகல் 1.10க்கு ரயில் ஏறி 1.30க்கு பென்ரோஸில் இறங்கினேன். பயண அட்டையில் 3.30 டாலர் போனது. அங்கிருந்து ஒன்றரை கிலோமீட்டர் நடை. வழியெல்லாம் பூட்டிய கிடங்குகள், பக்கவாட்டில் அடிக்கும் மழை. பத்து டாலர் கொடுத்து வாங்கிய குடை ஐந்தே நிமிடத்தில் மல்லாந்துவிட்டது.

சபைக்குச் சொந்தக் கட்டடம் கிடையாது. காலையில் சமோவா மக்கள் ஆராதிக்கும் மண்டபத்தை இரண்டு மணியிலிருந்து இவர்கள் வாடகைக்கு எடுக்கிறார்கள். மன்னார், யாழ்ப்பாணம், மலேசியா என்று அறுபது பேர் இருக்கலாம். ஆராதனை முடிந்த பிறகுதான் உண்மையான வேலை ஆரம்பிக்கிறது. ஒரு மேசையில் அரிசியும் பருப்பும், இன்னொன்றில் விசா படிவங்கள். புதிதாக வந்தவர்களுக்கு மூலையில் லைசென்ஸ் பரீட்சைப் பாடம் நடக்கிறது. பார்க்கப் பார்க்க எனக்குப் பொறாமையாக இருந்தது.

தேநீர் ஊற்றிக்கொண்டிருந்தவர் ரெஜினா. மன்னார்க்காரர். கணவர் இறந்த பின் கிடங்கில் பொட்டலம் கட்டி இரண்டு பிள்ளைகளை வளர்க்கிறவர். விசா மறுக்கப்பட்டு, நாட்டைவிட்டுப் போக இன்னும் ஒன்பதே நாள் என்று பக்கத்திலிருந்தவர் மெல்லச் சொன்னார். "அண்ணாவுக்குச் சீனி போடட்டோ?" என்று சிரித்தபடி என்னிடம் கேட்டார். எனக்குத்தான் அவர் முகத்தைப் பார்க்க முடியவில்லை.

அங்கிருந்து பக்குரங்காவில் முருகன் வீட்டுக்குப் பத்து கிலோமீட்டர். கூரியர் வேன் ஓட்டும் சேவியர் அண்ணை என்னை ஏற்றிக்கொண்டார். பாதி வழியில் அவரே ஆரம்பித்தார்.

"ரெஜினாவுக்கு ஆதரவாக் கடிதம் குடுத்தது நான்தான் தம்பி. பிறகு விசா ஆபீசில இருந்து போன் எடுத்து, 'அவ உங்கட சிஸ்டரோ' எண்டு கேட்டவை. ஓம் எண்டனான். ஆறு வருசமா அவவைத் தங்கச்சி எண்டுதான் கூப்பிடுறனான். வேற என்னெண்டு சொல்லுறது?"

விண்ணப்பத்தில் ரெஜினா, இந்த நாட்டில் தனக்கு உறவினர் யாரும் இல்லை என்று எழுதியிருந்தார். அதுதான் உண்மையும்கூட. அண்ணனை மறைத்துப் பொய் சொன்னவர் என்று முடிவு கட்டிவிட்டார்கள். பாஸ்டரின் விளக்கக் கடிதம், நாற்பது பேரின் கையெழுத்து, எதுவும் எடுபடவில்லை.

"எவ்வளவோ கதைச்சுப் பாத்தம். 'நீங்கள்தானே ஓம் எண்டனீங்கள்' எண்டு கேக்கினம்," என்றார்.

சபை அரிசி கொடுக்கிறது, வேனில் ஏற்றிப் போகிறது, கூட உட்கார்ந்து அழுகிறது. ஆனால் கதவு இன்னொருவர் கையில் இருக்கிறது. ஊர் திரும்பி இவ்வளவு நாளாகியும் எனக்கு இதில் ஒரு ஆறுதலும் கிடைக்கவில்லை.

போகிறவர்களுக்கு: ஞாயிறு ரயில் அரை மணிக்கு ஒன்றுதான். குடை வேண்டாம், மழைக்கோட்டு எடுத்துப் போங்கள். யாருக்காவது ஆதரவுக் கடிதம் எழுதினால், இரத்த உறவு இல்லை என்பதை முதல் வரியிலேயே எழுதிவிடுங்கள்.

அந்த ஞாயிறுக்கு இரண்டு வாரம் கழித்து சேவியர் அண்ணையைத் தொலைபேசியில் பிடித்தேன்.

"ஏர்போர்ட்டில பெட்டி தூக்கப் போனனான் தம்பி. கவுண்டரில நிண்ட பிள்ளை, 'நீங்கள் ஃபேமிலியோ' எண்டு கேட்டது. இந்த முறை கவனமா, இல்லை எண்டு சொல்லிப்போட்டன். ரெஜினா பக்கத்திலதான் நிண்டவ."