எத்தனை சும்மாடு வந்தது?

கலாராணியைப் பற்றி நல்லதாக நாலு வார்த்தை சொல்லச் சொன்னால் எனக்கு வாய் கோணும். சொல்லாமலும் இருக்க முடியாது. நமுனுகுலப் பக்கத்துத் தேயிலைத் தோட்டத்தில், வரிசையாக ஒட்டிக் கட்டிய லயத்து வீடுகளில் இருபத்தாறு வருஷம் அவளுக்கும் எனக்கும் நடுவே ஒரே ஒரு சுவர். அவள் மிளகாய் வறுத்தால் நான் தும்முவேன். அந்தச் சுவர் வழியாக நான் நாள் முழுக்கக் கேட்டது ஒன்றே ஒன்றுதான்: "கலாக்கா இருக்கீங்களா?"

பிள்ளைக்குக் காய்ச்சல் என்றாலும் அவள், புருஷன் அடித்தான் என்றாலும் அவள். என் வாசலைத் தாண்டித்தான் போவார்கள். ஒருத்தியாவது "ரெங்கம்மாக்கா" என்று நின்றிருப்பாளா? ம்ஹூம்.

அப்படி என்ன கிழித்துவிட்டாள்? பதினாலு வயதில் கொழுந்துக் கூடை தூக்கினாள், நானும்தான். புருஷன் அழகர் செத்த பிறகு ஒற்றை ஆளாக மகள் நிஷாந்தினியைப் படிக்கவைத்து எல்ல டவுனில் ஹோட்டல் வேலைக்கு அனுப்பினாள். நானும் தாலியைப் பறிகொடுத்தவள்தான். என் சதீஸ்குமாரும் கொழும்பில் கடையில் நிற்கிறான். ஆனால் கொழுந்து நிறுக்கிற நேரத்தில், கிலோ குறைந்து முழிக்கிறவளின் கூடைக்குள் தன் கொழுந்தை ரெண்டு கை அள்ளிப் போட்டுவிட்டு வேறு பக்கம் பார்த்துக்கொண்டு நிற்பாள் பாருங்கள், அதைத்தான் என்னால் தாங்க முடியாது. ஒரு நாள் என் கூடையிலும் போட்டாள். அன்றைக்கு முழுக்க எனக்கு வயிறு எரிந்தது.

போன வருஷம் எங்கள் ரெண்டு பேருக்குமே கீழே கட்டிய தனி வீடுகள் கிடைத்தன. லயத்திலிருந்து படியில் இறங்கினால் கால் மணி நேரம். வீடு மாறுவதற்கு எங்களுக்குள் ஒரு வழக்கம் உண்டு. கூலிக்கு ஆள் பிடிப்பதில்லை. பழந்துணியைத் தலைக்குச் சும்மாடாகச் சுருட்டிக்கொண்டு லயத்து ஆட்களே வருவார்கள், ஆளுக்கொரு சாமானைத் தூக்கிக்கொண்டு இறங்குவார்கள். புது வீட்டில் அவர்களுக்கு ரொட்டியும் சம்பலும் தேத்தண்ணியும். அந்த வீட்டுக்கு எத்தனை சும்மாடு வந்தது என்று பிறகு ஆறு மாதத்துக்குப் பேச்சு.

அங்கேதான் எனக்குச் சிக்கல். கலாராணிக்கு லயமே திரண்டு வரும். எனக்கு ஏழெட்டுப் பேர் வந்து நின்றால் முகத்தை எங்கே கொண்டுபோய் வைப்பது?

சதீஸ் போனில் சொன்னான்: "ஏம்மா கெடந்து யோசிக்கிறீங்க? பண்டாரவளையில வீடு மாத்திக் குடுக்குற கம்பெனி இருக்கு. நான் சொல்லி விடுறேன். நீங்க கையக் கட்டிக்கிட்டு நின்னாப் போதும்."

"எதுக்குடா வீண் செலவு, நம்மளே தூக்கிக்கிட்டுப் போயிறலாம்" என்றேன். அடுத்த மூச்சிலேயே கேட்டேன்: "லொறி பெருசா வருமா?"

லயத்தில் தேதியை மட்டும் சொன்னேன். லொறி விஷயத்தை மூச்சு விடவில்லை. கலாராணி பார்த்து அசர வேண்டாமா?

புதன்கிழமை, காலையில் வேலை பிரிக்கிற பெரட்டுக்கு ஆட்கள் கூடுவதற்கு முன்னாலேயே லொறி வந்து நின்றது. ஒரே நிறத்தில் சட்டை போட்ட நாலு பேர். அவர்களுக்குப் பெரியவர் ஜெஸீம், "அம்மா, நீங்க ஒக்காருங்க" என்று என் நாற்காலியை எனக்கே போட்டுக் கொடுத்தார். டீவியை மெத்தைக்குள் வைத்துக் கட்டினார்கள். கிளாஸ்களை ஒவ்வொன்றாகக் காகிதத்தில் சுற்றினார்கள். விளக்குமாற்றுக்குக்கூட ஒரு பிளாஸ்டிக் உறை.

வெளியே பார்த்தேன். தண்ணீர் பிடிக்கிற பீலியடியில், தோளில் துணியைப் போட்டுக்கொண்டு ஒரு பெரிய கூட்டம் வாயைப் பிளந்து நின்றது. பாருங்கடி, நல்லாப் பாருங்க என்று மனசுக்குள் சொல்லிக்கொண்டேன். கலாராணி மட்டும் கிட்டே வந்தாள்.

"அக்கா, எதும் தூக்கணுமா?"

"ஒண்ணையும் தொட்டுராத கலா. எல்லாம் கம்பெனிக்காரங்க பொறுப்பு."

"சரிக்கா."

அவள் முகம் சுண்டிப்போனது. பொறாமை என்றே நினைத்தேன். இத்தனை வருஷத்தில் ஒரு நாளாவது என்னைப் பார்த்து இவளுக்குப் பொறாமை வந்ததே என்று, லொறியின் முன் சீட்டில் துரைச்சாணி மாதிரி ஏறி உட்கார்ந்தேன். புது வீட்டில் பால் காய்ச்சியபோது ஜெஸீமும் அவர் ஆட்களும்தான் இருந்தார்கள். குடித்துவிட்டு, கையெழுத்து வாங்கிக்கொண்டு போய்விட்டார்கள். மிச்சப் பால் சட்டியிலேயே கிடந்து புளித்தது.

மூன்று வாரம் கழித்து ஒரு ஞாயிற்றுக்கிழமை கலாராணியின் முறை. நான் என் வாசலில் நின்று எண்ணினேன். படியில் வரிசையாக இறங்கினார்கள். இருபத்திரண்டு, இருபத்து மூன்று. அத்தோடு நின்றது. மேல் லயத்து நேசராணி பாய்க்கட்டை இறக்கிவிட்டு என்னிடம் தண்ணீர் கேட்டாள்.

"இருபத்து மூணு பேரு! கலாவுக்கு என்ன கொறச்சல்?" என்றேன்.

"ஒங்க வீட்டுக்கு முப்பத்தொரு பேரு வந்தமே அக்கா."

"எங்க வீட்டுக்கா? எப்ப?"

"லொறி வந்த அன்னைக்குத்தான். அரைநாள் சம்பளத்த விட்டுட்டு, சும்மாட்டுத் துணியோட பீலியடியில நின்னோம். நீங்க தொடக்கூடாதுன்னுட்டீங்களாம். சரின்னு போயிட்டோம்."

அடி ஆத்தி! முப்பத்தொன்று! அவளைவிட எட்டு கூட. அத்தனை பேரையும் நானே விரட்டிவிட்டிருக்கிறேன். அழுகைதான் வந்திருக்க வேண்டும். ஆனால் வெட்கமில்லாமல் என் நெஞ்சு நிமிர்ந்தது. கலாராணியை ஜெயித்துவிட்டேன் இல்லையா?

"யாரு சொல்லி வந்தீங்க?"

"வேற யாரு, கலாக்காதான். முந்துன நாளு வீடு வீடா வந்துச்சு. ரெங்கம்மாக்கா வாய்விட்டுக் கேக்காது, நம்மதான் போவணும்னு கையப் புடிச்சிச்சு. தனக்குன்னு இன்னைக்கு யாரையும் கூப்புடவே இல்ல. வந்தவங்க வந்தோம்."

நிமிர்ந்த நெஞ்சு பொசுக்கென்று போனது. எனக்கு வந்த முப்பத்தொன்றும் அவளுடையதா? பாவி, இதிலுமா!

கொடியில் கிடந்த பழைய துணியை உருவிக்கொண்டு விறுவிறுவென்று படியேறினேன். லயத்தில் எல்லாம் காலியாகி, அம்மிக்கல் மட்டும் மிச்சம். பக்கத்தில் கலாராணி நின்றாள்.

"என்னக்கா?"

"தூக்கி விடுடி."

"அம்மியையா? விடுங்க, ஆம்பளைங்க வரட்டும். இடுப்பு புடிச்சுக்கும்."

"தூக்கி விடுன்னா விடு!"

ஆளுக்கொரு பக்கம் பிடித்து என் தலையில் ஏற்றினோம். கழுத்து உள்ளே இறங்கிவிட்டது போலிருந்தது. அவள் வீட்டுச் சாமானில் அதுதான் ஆகக் கனம். நான் விழுந்துவிடுவேனோ என்று கையை நீட்டிக்கொண்டே பின்னால் வந்தாள்.

"அக்கா, கொஞ்சம் நில்லுங்க. நான் முன்னால எறங்கிப் புடிச்சுக்கிறேன்."

நான் வழி விடவில்லை. அத்தனை படியிலும் அவளுக்கு முன்னால் நான்தான் போனேன்.