ராட்னர்ஷயரின் எல்லைக்கோடு

1990 நவம்பர் 4, ஞாயிறு. இங்கிலாந்தின் வெஸ்ட்லியில் எங்கள் வீட்டு ஒழுங்கு வழமைபோலவே நடந்தது. காலையில் அப்பா வாரத்துச் சட்டைகளைச் சூடான அழுத்தியால் மினுக்கினார். அம்மா மீன்குழம்பு வைத்தா. நான் சப்பாத்துகளைத் துடைத்து வாசலில் வரிசையாக வைத்தேன். பிறகு மூவரும் தொலைபேசிக்குப் பக்கத்தில் இருந்தோம். ஞாயிறு பின்னேரங்களில் மாமா, அம்மாவின் தம்பி, வேல்ஸிலிருந்து போன் எடுப்பார். சில கிழமைகளாக எடுக்கவில்லை.

அங்கே ஒரு விடுதியில் கோப்பை கழுவினார். கடைசியாகக் கதைத்தபோது என்னிடம் சொன்னார்: "இஞ்சை ஏரிக்குக் கீழை வீடுகள் கிடக்கு, மருமோள். தூரத்துப் பட்டணத்துக்குத் தண்ணி வேணுமெண்டு மூடினவங்களாம். வத்தினால் மதில் தெரியும்."

அவர் இருக்கும் இடத்தைப் பார்க்க நூலகத்திலிருந்து நிலப்படப் புத்தகம் கொண்டுவந்திருந்தேன். யாழ்ப்பாணத்தில் வெள்ளைக்காரப் பாடப்புத்தகம் படித்த அப்பாவுக்கு வேல்ஸின் பதின்மூன்று கவுண்டி மாவட்டங்களும் மனப்பாடம். "கிழக்கிலை இங்கிலாந்து, தெற்கிலை வை எண்ட ஆறு" என்றபடி ராட்னர்ஷயரில் விரலை வைத்தார். விரலுக்குக் கீழே பவிஸ் என்றிருந்தது. ராட்னர்ஷயரை 1974இல் அயல் கவுண்டிகளோடு சேர்த்துப் பவிஸ் ஆக்கிவிட்டதாகப் பின்பக்கக் குறிப்பு சொன்னது.

"அப்ப மாமா எங்கை இருக்கிறார்?"

"இல்லாத ஊரிலையிருந்து என்ரை மச்சான் எப்பிடிப் போன் எடுக்கிறது?" என்று அப்பா சிரித்தார்.

"விசர்க்கதை கதையாதேங்கோ" என்றா அம்மா.

எனக்குப் பயம் வந்தது. அப்பா சொன்ன எல்லையை நினைவில் வைத்து, ஆற்றோரமாகப் பென்சிலால் கோடு கீறினேன். கோட்டின் இரண்டு முனைகளும் சேர்ந்தபோது தொலைபேசி அடித்தது.

"தம்பி, கதையன்" என்றா அம்மா. பிறகு ரிசீவரை என் காதில் வைத்தா. தண்ணீர் மெல்ல நகர்வதுபோல ஓர் ஒலி கேட்டது. பிறகு அதுவும் நின்றது.

"லைன் பிழை" என்றார் அப்பா.

மாமாவின் குரலை நாங்கள் பிறகு ஒருபோதும் கேட்கவில்லை.

நூலகப் புத்தகத்தில் பக்கம் மடித்தாலே ஏசுகிறவர் அப்பா. ஆகவே மறுநாள் காலை எழுந்தவுடன், பல் தீட்டுமுன்பே, அழிறப்பரோடு நிலப்படத்தைத் திறந்தேன். என் பென்சில் கோட்டின் மேல், ஒரு வளைவும் பிசகாமல், நீல மையில் இன்னொரு கோடு ஓடியிருந்தது. உள்ளே ராட்னர்ஷயர் என்று அப்பாவின் கையெழுத்து. அதற்குள், ஏரியின் கரையில், ஒரு சின்னப் புள்ளி.

மை அழியாது என்பதுகூட அப்பாவுக்குத் தெரியவில்லையே என்று நினைத்துக்கொண்டு, அழிறப்பரைப் பெட்டியில் திரும்ப வைத்தேன்.