ஒரே ஒரு கண்ணீர் அஞ்சலி... அர்ஜென்ட்!

போன வியாழக்கிழமை சாயந்திரம், குமணன்சாவடி சிக்னலில் ஒரு கண்ணீர் அஞ்சலி பேனரைப் பார்த்தேன். சிரித்த முகம். நீலக் கோட்டு. மேலே ஒரு சிலுவை, இரண்டு பக்கமும் புறா.

படத்தில் இருந்தவரை எனக்கு நன்றாகத் தெரியும். அவர் ஓட்டிக்கொண்டிருந்த பைக்கின் பின்சீட்டில்தான் நான் உட்கார்ந்திருந்தேன்!

காலமானவர் வண்டியை ஓரங்கட்டினார். ஹெல்மெட்டைக் கழற்றினார். பேனரை மேலிருந்து கீழ்வரை ஒருமுறை பார்த்தார். பிறகு என் பக்கம் திரும்பிச் சொன்னார்:

"கலரு நல்லா வந்துகீது, இல்ல மாமே?"

பதறாதீர்கள். முதலிலிருந்து சொல்கிறேன்.

எட்வின் என் பள்ளிக்கூடத்துத் தோழன். பூந்தமல்லி பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னால் ஃப்ளெக்ஸ் பேனர் அடிக்கும் கடை வைத்திருக்கிறான். கல்யாணம், காதுகுத்து, கட்சிக் கூட்டம் என்று எல்லாமே அடிப்பான். ஆனால், அவன் பேர் வாங்கியது சாவு பேனரில்தான். அந்த வட்டாரத்தில் எட்வின் கடை பேனர் ஏறினால்தான் ஒருவர் முறைப்படி செத்ததாகக் கணக்கு.

அதற்கு அவன் ஒரு விதி வைத்திருக்கிறான். துக்க வீட்டைக் கேள்வி கேட்கக் கூடாது. வாட்ஸ்அப்பில் போட்டோ வரும், பேர் வரும், 'அர்ஜென்ட்' என்று வரும். அவ்வளவுதான்... யார், என்ன, எப்படி என்று போன் போட்டு அழுகிறவர்களை நோண்டக் கூடாது. உடனே அடித்து, முதல் வேலையாகக் குமணன்சாவடி ஜங்ஷனில் கட்டிவிட வேண்டும். ஊருக்கே அதைப் பார்த்துத்தான் விஷயம் தெரியும்.

இப்படி ஜோராக நடந்த கடைக்கு இப்போது ஒரு வில்லன். கண்ணீர் அஞ்சலி ஆப்! போட்டோவைப் போட்டால் போதும், மெழுகுவத்தி எரிகிற அஞ்சலி ஒன்று தயாராகி, எல்லா வாட்ஸ்அப் குரூப்புக்கும் ஓசியில் போய்விடுகிறது. எட்வின் கடையில் மெஷின் பாதி நாள் சும்மா நிற்கிறது.

"மெஷினை வித்துட்டு குத்தம்பாக்கத்துல மனை புரோக்கரா பூடலாம்னு பார்க்கறேன் மாமே. புது பஸ் ஸ்டாண்டு பக்கத்துல நல்லா போகுதாம்" என்றான் ஒரு நாள். சொல்லும்போது என் முகத்தைப் பார்க்கவில்லை.

அப்போதுதான் அந்த விளம்பரம் அவன் கண்ணில் பட்டது. டெக்னாலஜி ஸ்டார்ட்-அப்கள் பழைய தொழில்களை எப்படிப் புரட்டிப் போடுகின்றன என்று நிர்வாகிகளுக்கு ஒரு நாள் பயிற்சி. அம்பத்தூர் எஸ்டேட் பக்கம் ஒரு ஓட்டலில். கடையா, மனையா என்பதை அந்த வகுப்பு முடிந்ததும் முடிவு செய்வதாகச் சொன்னான். ஒருவர் கட்டணத்தில் இருவர் வரலாம் என்றிருந்ததால் என்னையும் இழுத்துக்கொண்டு போனான்.

கழுத்தில் ஐ.டி. கார்டு மாட்டினார்கள். அவனுக்கு 'சேஞ்ச் மேக்கர்'. எனக்கு 'சீஃப் கன்டென்ட் ஆஃபீசர்'. இத்தனை வருடமாகப் பத்தி எழுதுகிறேன்... எந்தப் பத்திரிகையாவது எனக்கு இப்படி ஒரு பதவி கொடுத்ததுண்டா?

பாடம் எடுத்த மேடம் படு சுறுசுறுப்பு. திரையில் அந்த அஞ்சலி ஆப்பையே காட்டி, "துக்கம் என்பது இன்னும் யாரும் சரியாகத் தொடாத மார்க்கெட்!" என்றார். பக்கத்தில் எட்வின் சீட்டில் நெளிந்தான். கையைத் தூக்கினான்.

"நானும் புதுசா எதனா செஞ்சி, அது பல்லிளிச்சிடிச்சின்னா இன்னா மேடம் பண்றது?"

"புதுமை என்றாலே ரிஸ்க்தான், மிஸ்டர் எட்வின்!"

எல்லோரும் கைதட்டினார்கள். எதற்கென்று தெரியாமல் நானும் தட்டினேன்.

அடுத்து ஒரு பயிற்சி. "உங்கள் நிறுவனம் இன்று செத்துவிட்டது. எதனால் செத்தது? அதற்கு ஓர் இரங்கல் செய்தி எழுதுங்கள். சாப்பாட்டுக்குப் பிறகு எல்லோரும் மேடையில் வாசிக்க வேண்டும்." ஆளுக்கொரு சார்ட் பேப்பரும் ஸ்கெட்ச் பேனாவும் கொடுத்தார்கள். எங்கள் மேஜையில் இருந்த ஆவடி மாவு மில் முதலாளி, எழுத ஆரம்பிப்பதற்குள்ளேயே கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

எட்வினுக்கு ரோஷம் வந்துவிட்டது. "ஃப்ளெக்ஸ் கடைக்காரன் ஸ்கெட்ச் பேனால எழுதறதா? நம்ம வேலையை இங்க காட்டறேன் பாரு" என்று போனை எடுத்தான். கடையில் இருக்கும் டிசைனர் பாஸ்கருக்குத் தன் போட்டோவை அனுப்பினான். தோற்றம், மறைவு என்று இரண்டு தேதி. மறைவு, அன்றைய தேதி. 'செல்போன் வந்ததால் அகால மரணமடைந்த எங்கள் எட்வின்' என்று வாசகம்.

"டேய், கடைக்குத்தானே இரங்கல்? உன் போட்டோ எதுக்கு?" என்றேன்.

"கடை வேற, நான் வேறயா மாமே?"

'ஒன்னே ஒன்னு. அர்ஜென்ட்' என்று அனுப்பினான். அடுத்து, 'இது கிளாஸுக்கு, ஓட்டலுக்கு எடுத்துனு வா' என்று தட்டிக்கொண்டிருக்கும்போது கூடை வந்தது.

கூடை என்றால், போன்களைப் பிடுங்கிப் போடுகிற கூடை. கவனம் சிதறாமல் இருக்கவாம். டெக்னாலஜி பற்றிய வகுப்பில் டெக்னாலஜி கையில் இருக்கக் கூடாது! அனுப்பிவிட்டோம் என்று நினைத்து எட்வின் போனைப் போட்டான். அனுப்பவில்லை.

சாயந்திரம் வரை கதவையே பார்த்துக்கொண்டிருந்தான். பேனர் வரவில்லை. கடைசியில் ஸ்கெட்ச் பேனாவில் கிறுக்கி வாசித்தான். மூன்றாம் பரிசுகூட இல்லை. முதல் பரிசு மாவு மில்லுக்கு. கூடையிலிருந்து போனை எடுத்தால், நாள் முழுக்க அடித்து அடித்து சார்ஜ் தீர்ந்து கிடந்தது. "ஒரு வேலை உருப்படியா செய்யறானா பாரு இந்த பாஸ்கரு... இதுக்குத்தான் கடையை மூடிடலாம்னு சொல்றேன்" என்று வழியெல்லாம் திட்டிக்கொண்டே வந்தான்.

பாஸ்கர் உருப்படியாகத்தான் செய்திருந்தார் என்பது குமணன்சாவடியில் தெரிந்தது.

அவன் வீட்டுத் தெருவுக்குள் நுழைந்தால், ஷாமியானா போட்டிருந்தது. பிளாஸ்டிக் சேர்கள் நிறைந்திருந்தன. வாசலில் ஐஸ் பாக்ஸ் காலியாகக் காத்திருந்தது. 'செல்போனால் மரணம்' என்பதற்கு ஆளுக்கொரு விளக்கம் ஓடிக்கொண்டிருந்தது.

"போன் பேசிகினே லாரிக்கு அடியில பூட்டாராம்."

"இல்லபா, சார்ஜ்ல போட்டுகினே பேசினாராம். வெடிச்சிடிச்சாம்."

பாடியைத் தேடி ஒரு கோஷ்டி ஆஸ்பத்திரி ஆஸ்பத்திரியாக அலைந்துகொண்டிருந்தது. பாடி, பைக்குக்கு ஸ்டாண்டு போட்டுவிட்டு உள்ளே நடந்தது.

ஒரு பெரிய அலறல். மாலையோடு நின்றவர் மாலையைத் தன் கழுத்திலேயே போட்டுக்கொண்டார். எட்வின் மனைவி ஸ்டெல்லா எழுந்து வந்தார். அழுது அழுது முகம் வீங்கியிருந்தது. புருஷனை ஏற இறங்கப் பார்த்தார். கழுத்தில் தொங்கிய கார்டைப் படித்தார்.

"சாவறதுக்குக்கூட கோர்ஸு படிச்சிட்டு வந்தியாய்யா?"

நெஞ்சில் இரண்டு கையாலும் ஓங்கிக் குத்தினார். கார்டு அறுந்து விழுந்தது. பிறகு அதே நெஞ்சில் சாய்ந்து, அதுவரை அழுததைவிடப் பெரிதாக அழுதார். பாஸ்டர் மட்டும் நிதானமாக இருந்தார். "ஜெபத்தை ஆரம்பிச்சாச்சு... ஸ்தோத்திர ஜெபமா மாத்திக்கலாமா?" என்று கேட்டார்.

அங்கிருந்து பாஸ்கரைப் பிடிக்கக் கடைக்கு ஓடினோம். கடை வாசலில் கூட்டமோ கூட்டம்! ஆட்டோ ஸ்டாண்டு, வியாபாரிகள் சங்கம், சர்ச் வாலிபர் குழு... எல்லோரும் எட்வினுக்கு அஞ்சலி பேனர் அடிக்க, எட்வின் கடையிலேயே நிற்கிறார்கள். மாதக்கணக்கில் தூங்கிய மெஷின் மூச்சு விடாமல் ஓடிக்கொண்டிருக்கிறது. ஓட்டுகிற பாஸ்கர், நாற்பது வயது மனிதர், மூக்கை உறிஞ்சி உறிஞ்சி அழுகிறார்.

எட்வினைப் பார்த்ததும் அவர் கேட்டது இதுதான்: "அண்ணே... பேனர் சைஸு ஆறுக்கு நாலா, எட்டுக்கு நாலான்னு கேக்க உங்களுக்குத்தான் அத்தினி வாட்டி போன் அடிச்சேன். ஏண்ணே எடுக்கல?"

"மெசேஜ் என் போன்லருந்துதானடா வந்துச்சி? நான் செத்துட்டா எப்படிடா அனுப்புவேன்?"

"சாவு வூட்ல எப்பவும் செத்தவங்க போன்லருந்துதானே அனுப்பறாங்க? அதுலதானே நம்ம நம்பர் கீது!"

கேள்வி கேட்கக் கூடாது என்ற விதியும் எட்வின் போட்டதுதானே?

வரிசையின் கடைசியில் காதர் பாய் நின்றிருந்தார். அடுத்த தெருவில் இதைவிடப் பெரிய மெஷின் வைத்து, எட்வினின் ஆர்டர்களைக் கொத்திக்கொண்டு போகிற போட்டிக் கடைக்காரர். எட்வினைக் கண்டதும் கட்டிப் பிடித்துக்கொண்டார். அடுத்த விநாடி உதறினார். "டேய், டிசைனெல்லாம் ஓகே பண்ணிட்டேன்டா! இப்ப இன்னா பண்றது?"

"உன் கடைலயே அடிச்சிக்க வேண்டிதுதானே பாய்?"

"நல்லாருக்கே! உனக்கு உன் மெஷின்ல அடிக்கறதுதான்டா மரியாதை."

அவருடைய பேனர் அப்போதுதான் மெஷினிலிருந்து இறங்கியது. வாசகம் இப்படி இருந்தது: 'இருபது வருஷம் என்னைத் தூங்கவிடாத நண்பா... நீயாவது நிம்மதியாகத் தூங்கு!'

எட்வின் அதை இரண்டு கையாலும் பிடித்துப் படித்தான். மை காயும் முன் தொட்டால் மற்றவர்களைத் திட்டுகிறவன், அன்றைக்கு முகத்தை அதிலேயே புதைத்துக்கொண்டான்.

ஆப்பில் ஒரே ஒரு அஞ்சலி வந்திருந்தது. துபாயிலிருக்கும் மச்சினர் போட்டது. இலவச ஆப் இல்லையா, எட்வின் படத்துக்குக் கீழே 'முடி கொட்டுகிறதா?' என்று ஒரு விளம்பரமும் எரிந்துகொண்டிருந்தது.

ஒரு விரலால் தட்டி அஞ்சலி செலுத்தலாம்தான். ஆனால், தட்டி முடித்த பிறகு என்ன செய்வது? துக்கம் வந்தால் மனிதனுக்கு எங்காவது போய், நான்கு பேரோடு நிற்க வேண்டும்போல் இருக்கிறது. அன்றைக்குப் பூந்தமல்லிக்காரர்களுக்கு அது எட்வின் கடை வாசலாக இருந்தது.

மனை புரோக்கர் திட்டம் அன்றோடு கைவிடப்பட்டது. காதர் பாயின் பேனர் மெஷினுக்கு மேலே நிரந்தரமாகத் தொங்குகிறது. இனி நிம்மதியாகத் தூங்கப் போவதில்லை என்கிறான் எட்வின், சந்தோஷமாக.

பழைய விதியில் மட்டும் ஒரு சின்ன திருத்தம். ஆர்டர் வந்தால் ஒரே ஒரு கேள்வி கேட்கலாம்: "ஆளு நெஜமாவே செத்துட்டாரா?"

அதை முதன்முதலாகக் கேட்ட அன்றே, நேரில் ஆர்டர் கொடுக்க வந்தவர் கையால் பாஸ்கர் கன்னத்தில் பளாரென்று ஒன்று வாங்கிவிட்டார்.

என்ன செய்வது... புதுமை என்றாலே ரிஸ்க்தான் என்று மேடம் சொன்னாரே!