ஐஸ் காலிதீனின் பெயருக்குக் கீழே ஒரு வரி

தாளைத் தொடுவதற்கு முன் காலிதீன் கையைச் சாரனில் துடைப்பார். பிறகு தோளில் கிடக்கும் துவாயில் துடைப்பார். அதன்பின் உள்ளங்கையை முகத்துக்கு நேரே விரித்து ஊதுவார். கல்யாண அழைப்பானாலும் கரண்ட் பில்லானாலும் இதே ஒழுங்குதான். முப்பது வருடமாக ஐஸோடு புழங்குகிற கை. அதை அவர் நம்புவதேயில்லை.

கல்முனைக்குடியில் லொறியில் ஏற்றும் ஐஸை, விடியற்காலைச் சுபஹு தொழுத கையோடு பாலமுனைக் கரையின் மீன் தோணிகளுக்குக் கொண்டுபோவது அவர் தொழில். கட்டியைப் பிளப்பதைப் பார்க்கவேண்டும். கம்பியை ஓங்கிக் குத்தமாட்டார். காது கொடுத்துக் கேட்பவரைப்போலக் குனிந்து, ஓரிடத்தில் மெல்லத் தட்டுவார். கட்டி தானாக இரண்டாகும். "அதுக்குள்ளயே ஒரு கோடு இரிக்கி. நாம புதிசா வெட்டத் தேவல்ல" என்பார்.

ஒரு கிறுக்கும் உண்டு. நனையக்கூடிய எதையும் லெமினேட் செய்துவிடுவார். லொறியின் இன்சூரன்ஸ் தாள், மகளின் தடுப்பூசி அட்டை, ஒருமுறை மனைவி ஹிமாயாவின் சட்டை அளவு எழுதிய துண்டு. "ஒரு நாளைக்கு என்னயும் கொண்டுபோய் ஒட்டிப்போட்டு வருவாரு" என்பாள் அவள்.

நான்கு வருடத்துக்கு முன், தேங்கிக் கிடந்த வருமான வரியை ஒரேயடியாகக் கட்டி முடித்தார். வரும் வழியிலேயே பற்றுச்சீட்டை லெமினேட் கடையில் கொடுத்தார். பணம் கட்டிய இடத்து மெஷின் துப்பிய வழுவழுத்த தாள் அது. சூடு பட்டால் கறுக்கிற வகை. லெமினேட் மெஷினின் மறுபக்கத்தால் வெளியே வந்தபோது ஓர் எழுத்துக்கூட இல்லாமல் கன்னங்கரேலென்று இருந்தது. சல்லி கட்டியாச்சுதானே என்று அலமாரியில் வைத்துவிட்டார்.

இந்த வருடம் லொறிப் பெட்டி உக்கி, பாலமுனை போய்ச் சேருமுன் கால்வாசி ஐஸ் ரோட்டிலேயே ஒழுகியது. தோணிக்காரர்கள் அவர் முகத்துக்காகப் பொறுத்தார்கள், எத்தனை நாளைக்கு? குளிர்ப்பெட்டி லொறி வாங்க வங்கியில் கடன் கேட்டார். கடன் பிரிவில் இருக்கும் றொஜன் திரையைப் பார்த்துத் தயங்கினான்.

"காலிதீன் நானா, உங்கட கடன் அறிக்கையில ஒரு வரி கிடக்கு. வரி நிலுவை எண்டு."

"அது கட்டிட்டனே மகன்!"

"கட்டினது அவங்கட பதிவில விழல்ல போல. இது போகாட்டி நான் ஒண்டும் செய்ய ஏலா. மாசக் கடைசி மட்டும் உங்கட விண்ணப்பத்த வச்சிருக்கன்."

காலிதீன் கறுப்புத் தாளை மேசையில் வைத்தார். றொஜனுக்கு அதில் தன் முகம்தான் தெரிந்தது.

வரிக் கந்தோருக்கு மூன்று தடவை பஸ் ஏறினார். அங்கிருந்த பெண் உத்தியோகத்தர் கேட்டது ஒன்றையே: "திகதியக் கொண்டாங்க, தேடித் தாறன். திகதி இல்லாம எங்க போய்த் தேடுற?"

திகதி நினைவில்லை, நாள் நினைவிருந்தது. கடற்கரைப் பள்ளிவாசலில் கந்தூரிக்குக் கொடியேற்றிய நாள். வரி கட்டும் வரிசையில் நின்றதில் அந்த வருடக் கொடியேற்றம் தவறிப்போன கவலை அவருக்கு இன்னும் உண்டு. ஆனால் பிறை பார்த்து வருகிற நாளுக்கு இங்கிலீசுத் திகதி எது?

"சும்மா இரிங்க" என்றாள் ஹிமாயா. கட்டிலுக்கு அடியிலிருந்து ஓர் உரப்பை வந்தது. அல்லாஹ்வின் பெயர் அச்சான தாளை அவள் குப்பையில் போடமாட்டாள். கத்தம் ஓதுகிற அழைப்பு, பள்ளிவாசல் நோட்டீஸ், கலண்டர் தாள், எல்லாம் அதற்குள். ஒரு மணித்தியாலத்தில் அந்த வருடத்துக் கொடியேற்ற நோட்டீஸ், திகதியோடு.

"நீங்க ஒட்டி ஒட்டிக் கரியாக்கினீங்க. நான் சும்மா போட்டு வச்சிரிந்தன்."

"ஒண்ட பையத்தான்கா இனி லெமினேட் பண்ணணும்."

கந்தோர்ப் பதிவில் அந்தத் திகதியில் பணம் இருந்தது. அவருடைய வரி இலக்கத்தின் கடைசி எண் பிசகி, யாரோ ஒருவரின் பெயரில் வரவாகியிருந்தது. உத்தியோகத்தர் திருத்தக் கடிதம் எழுதத் தொடங்கினார். யாருடைய பிழை என்று காலிதீன் கேட்கவில்லை. வேறொன்று கேட்டார்.

"மகள், என்ட சல்லிய எடுத்தா அந்த மனிசனுக்கு இப்ப பாக்கி விழுமா?"

"விழத்தானே செய்யும்."

"அப்ப அவருக்கும் ஒரு கடிதம் போடுங்க. திடீரெண்டு பேங்கில வச்சித் தெரிய வந்தா, பாவம்."

கடிதத்தை நீட்டியபோது கையைப் பின்னுக்கு இழுத்துக்கொண்டார். "கவருக்குள்ள போட்டுத் தாங்க. என்ட கை சரியில்ல."

மாதம் முடிய இரண்டு நாள் இருக்கையில் றொஜன் திரையை அவர் பக்கம் திருப்பினான். "பாருங்க நானா. போயிட்டு."

காலிதீனின் பெயர் இருந்தது. அதற்குக் கீழே வெறும் வெள்ளை. அவர் கையைச் சாரனில் துடைத்தார், துவாயில் துடைத்தார், விரித்து ஊதினார். பிறகு திரையில், அந்த வரி இருந்த இடத்தில், ஐஸ் கட்டியைத் தட்டுவதுபோல ஒருமுறை மெல்லத் தட்டினார்.