மாங்காய்க்கு ஆகாத கத்தி

சித்தூர்க் கடைவீதியில் நான் கைக்கடிகாரம் பழுது பார்த்துக்கொண்டிருந்த காலம். கேரளம் என்று ஒரு மாநிலம் உண்டாகி ஆறு மாதம் ஆகவில்லை. ஒரு திங்கட்கிழமை என் மனைவியின் வலது முழங்கால் வீங்கியது. புதன்கிழமை வைத்தியர் வந்து முழங்காலை இரண்டு பக்கமும் அழுத்திப் பார்த்துவிட்டு, "நிலத்து இரிக்கான் பாடில்ல" என்றார். தரையில் உட்காரக் கூடாது. எத்தனை நாளைக்கு என்று கேட்டேன். அவர் மேலே பார்த்தார். அந்தத் திசையில் ஓட்டுக்கூரைதான் இருந்தது. நாட்குறிப்பில் 'காலவரை சொல்லவில்லை' என்று எழுதிக்கொண்டேன்.

மற்ற வீடுகளில் இது உடம்பு சம்பந்தப்பட்ட விஷயம். எங்கள் வீட்டில் ஆட்சி சம்பந்தப்பட்டது. என் தாயார் காலத்திலிருந்து ஒரு வழக்கம் இருந்தது. யார் காய் அரிகிறாரோ, அன்றைக்கு என்ன சமையல் என்பதை அவரே முடிவு செய்வார். அரிவாள்மணைப் பலகையில் உட்கார்ந்தவருக்கு எதிர்ப்பேச்சு கிடையாது. அந்தப் பலகையில் என் மனைவி பதினாறு வருஷமாக உட்கார்ந்திருந்தாள். கணவரை இழந்து எங்களோடு வந்து தங்கிய என் அக்கா எட்டு வருஷமாக அந்தப் பலகையைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

வைத்தியர் படி இறங்குவதற்குள் அக்கா சொன்னார்: "நீ போய்க் கட்டில்ல காலை நீட்டு அம்மிணி. நாளையிலிருந்து நான் அரிஞ்சுக்கறேன். எட்டு வருசம் உன்ற கொள்ளு ரசத்தக் குடிச்சாச்சு, போதும்."

அக்கா கொல்லைப்பக்கம் போனதும் மனைவி என்னைக் கூப்பிட்டாள். "ஏனுங்க, அடுப்படி போச்சுன்னா இந்த ஊட்ல நான் யாருங்க? ஒறம்பரைக்கு வந்தவளாட்டம் கட்டில்ல உக்காந்து, போடற சோத்தத் திங்கவா? நின்னுக்கிட்டே அரியற மாதிரி ஒண்ணு கொண்டாங்க."

சித்தூரில் கத்திக்குப் பஞ்சமில்லை. பாளை சீவ ஒன்று, தேங்காய் வெட்ட ஒன்று, ஆடு அறுக்க ஒன்று. நின்றுகொண்டு வெண்டைக்காய் அரிய ஒன்றுகூட இல்லை. நான்கு கடைகளில் கேட்டேன். நான்காவது கடைக்காரர், "எதுக்குங்க நிக்கறீங்க? உக்காந்து அரியுங்க" என்றார்.

அந்த வாரமே மனைவியின் தம்பி விடுப்பில் வந்தான். அவனுக்குக் கப்பலில் சமையல் வேலை. ஜப்பான் செய்தித்தாளில் சுற்றிய மூன்று சிறிய கத்திகளைக் கொண்டுவந்திருந்தான். கோபே துறைமுகத்துக்குப் பின்னால் ஒரு சந்தில் வயதான கொல்லர் ஒருவர் ஒவ்வொன்றாக அடித்துச் செய்கிறாராம். எங்களுக்கு ஒன்று. மற்ற இரண்டும் மூணாறுப் பக்கம் ஒரு தேயிலைத் தோட்டத்து பங்களா சமையல்காரருக்கு. "பாத்து எடுத்துக்குங்க மச்சான். நாளன்னிக்கு நான் பஸ் ஏறோணும்."

பார்த்து எடுப்பது எனக்குத் தெரிந்த வேலை. மூன்றையும் கடைக்குக் கொண்டுபோனேன். அலகின் நீளம், முதுகின் கனம், பிடியோடு சேர்த்து எடை எல்லாவற்றையும் அளந்தேன். பூதக்கண்ணாடியைக் கண்ணில் இடுக்கிக்கொண்டு விளிம்பைப் பார்த்தேன். ஒன்றில் சுத்தியல் பட்ட தடங்கள் மீன் செதிள்போல ஒழுங்காக இருந்தன. பிறகு, எந்த இடத்தில் சமநிலை நிற்கிறது என்று பார்க்க மூன்றையும் நூலில் கட்டி விட்டத்தில் தொங்கவிட்டேன். கடிகாரம் வாங்க வந்த ஒருவர் வாசலிலேயே நின்று அண்ணாந்து பார்த்தார். "அப்பறமா வர்றனுங்க" என்று போனவர் அந்த வாரம் முழுக்க வரவில்லை.

இரண்டாம் நாள் மாலை முடிவுக்கு வந்தேன். மூன்றிலும் சிறியது. ஐந்தேகால் அங்குல அலகு, வெளிறிய மரப்பிடி. அதற்கு நான்கு காரணங்கள் எழுதி வைத்தேன். அதைச் சொல்லாமல், மனைவியும் ஒருமுறை பார்க்கட்டும் என்று மூன்றையும் வீட்டுக்கு எடுத்துவந்தேன்.

எங்கள் பக்கத்தில் கத்தியைக் கைக்குக் கை கொடுக்க மாட்டார்கள், பகை வரும் என்பார்கள். கொடுப்பவர் தரையில் வைப்பார், வாங்குபவர் குனிந்து எடுத்துக்கொள்வார். மைத்துனன் கத்திகளைத் தரையில் வைத்தான். மனைவியால் குனிய முடியவில்லை. அவளுக்காக நான் எடுத்தேன். எடுத்ததை அவள் கையில் கொடுக்கக் கூடாது என்பதால் மறுபடி தரையில் வைத்தேன். மைத்துனன் எடுத்தான். அவனும் வைத்தான்.

"வெச்சு வெச்சு எடுங்க," என்றார் அக்கா. "கத்தி களைச்சுப் போய் அதுவா எந்திரிச்சு வரும்."

கடைசியில் மேஜையும் ஒருவகையில் தரைதான் என்று நான் தீர்ப்புச் சொன்னேன். மனைவி மேஜையிலிருந்து ஒவ்வொன்றாக ஒரே ஒருமுறை எடுத்துப் பார்த்தாள்.

"இதுதானுங்க."

நான் தேர்ந்தெடுத்ததும் அதுதான். காரணம் கேட்டேன்.

"கைக்குப் புடிச்சுதுங்க."

என் நான்கு காரணங்களில் அது இல்லை.

கிளம்புமுன் மைத்துனன் ஒரு கத்தரிக்காயைப் பலகைமேல் வைத்து, கத்தியை நகர்த்தி நகர்த்தி அரிந்து காட்டினான். மனைவியும் அக்காவும் அந்த மாதத்தில் முதல்முறையாகச் சேர்ந்து சிரித்தார்கள். "காய் சும்மா கெடக்குது, கத்தி நடக்குது பாருங்க்கா!" என்றாள் மனைவி. "அந்த ஊர்ல வண்டிய நிறுத்திப்போட்டு ரோட்ட ஓட்டுவாங்களாட்ட," என்றார் அக்கா. அவன் கோபித்துக்கொள்ளாமல், ஒரு தட்டைக் கல்லைக் கொடுத்து, வாரம் ஒருமுறை தண்ணீர் விட்டுத் தீட்டவும், அரிந்ததும் துடைத்துவிடவும் சொன்னான். இல்லாவிட்டால் இந்த இரும்பு துருப்பிடிக்குமாம். பஸ் ஏறிப் போய்விட்டான்.

மறுநாள் காலை சிக்கல் தெரிந்தது. எங்களுக்குத் தெரிந்த அரிதல் என்பது அரிவாள் நிற்க, இரண்டு கையாலும் காயைப் பிடித்து அதன்மேல் தள்ளுவது. இரண்டு கையும் காய்க்கே சரியாகிவிட்டால் கத்தியை யார் பிடிப்பது?

"புடிங்க," என்றாள் மனைவி.

மேஜைக்கு இந்தப் பக்கம் நான் நின்றேன். முழங்கைகளை மேஜையில் ஊன்றி, இரண்டு கையாலும் பிடியைப் பற்றி, கத்தியைச் செங்குத்தாக, கூர் அவள் பக்கம் இருக்கும்படி நிறுத்தினேன். அந்தப் பக்கம் நின்று அவள் வெண்டைக்காயைத் தள்ளினாள். துண்டுகள் என் மூக்குக்கு ஒன்பது அங்குலம் முன்னால் விழுந்தன. முழுதாக இருபத்தைந்து நிமிடம். நான் தும்மலை அடக்கிக்கொண்டேன். பால் ஊற்ற வந்தவள் ஜன்னல் வழியே பார்த்துவிட்டு, "ஐயோ, என்னுங்க இது!" என்று செம்பைப் பின்னுக்கு இழுத்தாள்.

"பொரியலுக்குங்க," என்றாள் மனைவி, திரும்பாமலே.

அக்கா ஒரு ஆட்சேபம் எழுப்பினார். "அரியறது யாருங்கறேன்? காயப் புடிச்சவளா, கத்தியப் புடிச்சவனா? இவன் புடிச்சா, சமையல இவனல்ல சொல்லோணும்?" அரிவாள்மணை என்றைக்காவது சமையல் சொன்னதுண்டா என்று கேட்டேன். இப்படித் தினமும் காலை ஏழு மணிக்கு அரிவாள்மணையாக நின்றுவிட்டு ஒன்பதுக்குக் கடை திறந்தேன். ஆட்சி கைமாறவில்லை.

அதைக் கெடுத்தது நான்தான். முதல் வாரத்தில் அலகில் கடுகளவு மூன்று துருப்புள்ளிகள் கண்டேன். கடிகாரத்துக்குப் போடும் எண்ணெயை ஊசிமுனையில் தொட்டுத் தடவினேன். கம்பளித் துணியில் சுற்றி வைத்தேன். பிறகு ஒருநாள் வாழைக்காய் அரிந்ததில் கூர் ஓரமாகக் கறுப்புக் கோடு ஒன்று விழுந்தது. சாம்பல் போட்டுத் தேய்த்தும் போகவில்லை. எனக்குச் சாப்பாடு இறங்கவில்லை. அன்றே ஒரு தாளில் விதிகள் எழுதி அடுப்படிச் சுவரில் ஒட்டினேன். கறை உள்ளதும் புளிப்பு உள்ளதும் இந்தக் கத்திக்கு ஆகாது. வாழைக்காய், வாழைப்பூ, எலுமிச்சை, மாங்காய் ஆகியவற்றை இதனால் தொடக் கூடாது.

ஊரெல்லாம் மாங்காய் தொங்கும் மாதம் அது. நான் அதை யோசிக்கவில்லை. அக்கா யோசித்தார். தாளை முழுதாக இரண்டுமுறை படித்தார்.

"முத்து முத்தா எழுதியிருக்கற தம்பி. அப்ப மாங்காயும் வாழக்காயும் நான் அருவாமணைல அரிஞ்சுக்கறேன். பாவம், கத்திக்கு ஆகாதல்ல."

மறுநாளே எங்கிருந்தோ ஒரு கூடை மாங்காய் வந்தது. மாங்காய்ப் பச்சடி, வாழைக்காய்க் கறி, மாங்காய் போட்ட மீன்குழம்பு, வாழைப்பூ வடை. பத்து நாளில் என் மனைவி அரிந்தது இரண்டே நாள். மற்ற எட்டு நாளும் அவள் கட்டிலில் காலை நீட்டிக்கொண்டு, அடுப்படியிலிருந்து வரும் தாளிப்பு வாசத்தைக் கவனித்துக்கொண்டிருந்தாள். கத்தி மட்டும் கண்ணாடிபோல மின்னியது.

"கத்திக்குச் சீக்கு வரும்னு என்னைய அடுப்படிய உட்டு எறக்கிப் போட்டீங்க," என்றாள். "இத எதுக்குங்க வாங்குனோம்?"

இரும்பில் புளிப்பு என்ன செய்யும் என்று விளக்கினேன். அவள் கடைசிவரை கேட்டாள்.

"நாளைக்கு மாங்கா அரியோணும். புடிப்பீங்களா, மாட்டீங்களா?"

"மாங்காய்க்குப் பிடிக்க மாட்டேன்."

"சரிங்க."

மறுநாள் காலை கிணற்றடியில் சவரம் செய்துகொண்டிருந்தேன். வீட்டுக்குள்ளிருந்து ஒரு சத்தம் வந்தது. டக், டக், டக். எங்கள் வீட்டில் கேட்டறியாத சத்தம். அரிவாள்மணை அப்படிச் சத்தம் போடாது. பாதி முகத்துச் சோப்போடு ஓடினேன். மனைவி மேஜை முன்னால் நின்றிருந்தாள். பிடிக்க ஆளில்லாததால் மாங்காயைப் பலகையில் கிடத்திவிட்டு, கத்தியைத் தன் கையாலேயே நடத்திக்கொண்டிருந்தாள், தம்பி காட்டியதுபோல. ஏழாவது மாங்காய் நடந்துகொண்டிருந்தது. அலகு நுனிமுதல் பாதிவரை கறுத்து, ஓரத்தில் கத்தரிப்பூ நிறம் ஏறியிருந்தது. அடுப்படி வாசலில் அக்கா அரிவாள்மணையைக் கையில் தூக்கியபடி, உட்கார இடம் தெரியாமல் நின்றார்.

"தொடச்சு வெச்சர்றனுங்க, மூஞ்சியக் கழுவுங்க," என்றாள் மனைவி.

கத்தியைக் கடைக்குக் கொண்டுபோய் நான்கு நாள் பூதக்கண்ணாடியில் பார்த்தேன். கறுப்பு போகவில்லை. ஆனால் புதிதாக வந்த இரண்டு துருப்புள்ளிகளும் பிடியருகே, மின்னும் பகுதியில்தான் வந்தன. கறுத்த இடத்தில் ஒன்றுகூட இல்லை. வீட்டுக்கு வந்து சுவரிலிருந்த தாளை நானே கிழித்தேன்.

என் வேலை போயிற்று. பழக்கத்தில் இரண்டு நாள் ஏழு மணிக்கு மேஜையருகே போய் நின்றேன். "தள்ளி நில்லுங்க, வெளிச்சத்த மறைக்கறீங்க," என்றாள்.

அதன்பின் பதினோரு நாள் தொடர்ந்து எங்கள் வீட்டில் மாங்காய். பச்சடி, பருப்பில் மாங்காய், மீனில் மாங்காய், மாங்காய்ச் சாதம், பிறகு மறுபடி பச்சடி. எனக்குப் பல் கூசியது. அக்கா முகத்தைச் சுளிக்காமல் சாப்பிட்டு, கை கழுவி எழுந்துபோவார். பன்னிரண்டாம் நாள் சாப்பிட்டபின் அடுப்படி வாசலில் வந்து நின்றார். எட்டு வருஷத்தில் ஒருமுறைகூடக் கேட்காததை அன்று கேட்டார்.

"நாளைக்கு என்ன அரியற அம்மிணி?"

மனைவி கத்தியை ஒரு பக்கம் துடைத்தாள், திருப்பி மறுபக்கம் துடைத்தாள்.

"நாளைக்குச் சொல்றனுங்க்கா."