வாரேன்

குழந்தைகளின் இதய ஆபரேஷனுக்கு நிதி திரட்ட, சென்னையிலிருந்து தென்காசிக்குச் சைக்கிளில் போய்க்கொண்டிருந்தோம். மதுரை தாண்டி, டி. கல்லுப்பட்டி அருகே என் டயர் பஞ்சரானது. நண்பர்கள் முன்னால் போய்விட்டார்கள். என் போனிலோ சார்ஜ் இல்லை.

ஸ்கூட்டியில் புல்லுக்கட்டோடு வந்த ஓர் அக்கா வண்டியை நிறுத்தி, டயரை அமுக்கிப் பார்த்தார். "வாரேன் தம்பி" என்று கிளம்பிவிட்டார். நாங்களும் விடைபெறும்போது 'வரேன்' என்றுதானே சொல்வோம்! மனுஷங்க அவ்வளவுதான் என்று சலித்தபடி, வெயிலில் சைக்கிளை உருட்டினேன்.

கொஞ்ச நேரத்தில் பின்னால் ஹாரன் சத்தம் கேட்டது. அதே அக்காதான். பின்சீட்டில் பம்போடு பஞ்சர் கடைக்காரர்.

"வாரேன்னு சொல்லிட்டுத்தானே போனேன்? அதுக்குள்ள எங்க உருட்டிட்டுப் போற?"

புறப்படும்போது நானும் "வாரேங்க்கா" என்றேன்.

தென்காசியிலிருந்து எல்லோரும் ரயிலில் திரும்பினார்கள். நான் மட்டும் கல்லுப்பட்டி வழியாகவே சைக்கிள் மிதித்தேன். வாரேன்னு சொல்லிட்டேனே!