நான் பார்க்கக் கூடாத கடிதம்

விண்ணப்பத்தின் ஏழாம் பக்கத்தில் ஒரு சின்னச் சதுரம் இருந்தது. எனக்காகப் பரிந்துரைக் கடிதம் எழுதுகிறவர்கள் என்ன எழுதினார்கள் என்று பார்க்கும் உரிமையை நானாகவே விட்டுக்கொடுக்கிறேன் என்று அதில் சரி போட வேண்டும். போடாவிட்டாலும் விண்ணப்பம் செல்லுமாம். ஆனால் போடாதவர்களை ஒரு மாதிரித்தான் பார்ப்பார்கள் என்று எங்கோ வாசித்திருந்தேன். மூன்று நாள் அந்தச் சதுரத்தைப் பார்த்துக்கொண்டு இருந்தேன். என்னைப் பற்றி எழுதுவதை நான் பார்க்கக் கூடாது என்றால், அதில் பார்க்கக் கூடாத ஏதோ இருக்கிறது என்றுதானே அர்த்தம்? கடைசியில் அரை மனத்தோடு சரி போட்டேன்.

நான் அப்படிப்பட்டவள்தான். கணவர் வாசல் கதவைப் பூட்டிவிட்டு வந்தால் நான் போய் ஒரு தரம் இழுத்துப் பார்ப்பேன். பால் பெட்டியில் திகதி எழுதியிருந்தாலும் மணந்து பார்ப்பேன். கனடாவில், ஸ்காபரோவில் ஒரு வைத்தியசாலையின் ஐசியூவில் பதினொரு வருடம் நேர்ஸாக இருந்தேன். அங்கே இந்தக் குணத்துக்கு நல்ல மரியாதை. கடுமையான மருந்துகளை ஏற்றும்போது இரண்டு பேர் சேர்ந்து சரிபார்க்க வேண்டும். மற்றவர்கள் எட்டிப் பார்த்துத் தலையாட்டிவிட்டுப் போவார்கள். நான் மருந்துப் பை, பம்பில் ஓடும் எண், நோயாளியின் கைப்பட்டி எல்லாவற்றையும் பார்த்த பிறகுதான் கையெழுத்து வைப்பேன். வார்டில் எனக்குச் சீஐடி என்று பெயர்.

நான் விண்ணப்பித்தது, நேர்ஸ்களே மயக்க மருந்து கொடுப்பதற்கான மேற்படிப்புக்கு. சத்திரசிகிச்சையின்போது ஒருவரை உறங்கவைத்து, அவர் மூச்சைக் கையில் பிடித்திருந்து, திரும்ப எழுப்பிவிடும் வேலை. ஒன்ராறியோவில் நேர்ஸ்களுக்கு அப்படி ஒரு வேலை கிடையாது. எல்லை தாண்டி அமெரிக்காவுக்குத்தான் போக வேண்டும். ஒரு வகுப்பில் இருக்கிற கொஞ்ச இடத்துக்கு நூற்றுக்கணக்கானவர்கள் வரிசையில் நிற்பார்கள். எனக்கு அப்போது முப்பத்தெட்டு வயது. கணவரும் நானும் ஒரு முடிவுக்கு வந்திருந்தோம். இரண்டு தரம் முயற்சி செய்வது, கிடைக்காவிட்டால் அதன் பிறகு அந்தப் பேச்சையே எடுப்பதில்லை. அந்தப் படிப்பு எனக்கு எவ்வளவு வேண்டியிருந்தது என்பதைச் சொல்ல இப்போதும் வெட்கமாக இருக்கிறது. சத்திரசிகிச்சை அறைக்குப் போகும் கட்டிலோடு கதவுவரை நடந்து போய், அங்கே நிறுத்தப்பட்டுத் திரும்பி வரும்போதெல்லாம் எனக்கு வயிறு எரியும்.

யாருக்கும் சொல்லவில்லை. பிக்கரிங்கில் இருக்கும் மச்சாளுக்குக்கூடச் சொல்லவில்லை. காரியம் சரிவருவதற்கு முன் சொன்னால் நாவூறு படும் என்பது எங்கள் வீட்டுச் சட்டம். ஆனால் ஒருவருக்குச் சொல்லாமல் முடியாது. நேரடி மேலதிகாரியின் கடிதம் கட்டாயம் வேண்டும். எங்கள் வார்டு மனேஜர் மன்னாரைச் சேர்ந்த ஒரு அக்கா. வார்டில் இருந்த தமிழர் நாங்கள் இருவரும்தான். நான் வேலையில் சேர்ந்த காலத்திலிருந்து ஒரே பெட்டியில் சோறு பகிர்ந்து சாப்பிட்டவர்கள். அவருடைய மகள் பள்ளிக்கூடம் இல்லாத நாட்களில் தாயின் அறையில் வந்து இருப்பாள். இடைவேளையில் என் ஸ்டெதஸ்கோப்பை வாங்கித் தன் நெஞ்சைத் தானே கேட்பாள்.

நான் விஷயத்தைச் சொன்னதும் அக்கா பேனாவை மேசையில் வைத்தார்.

"ஓம், எழுதித் தாறன்," என்றார். பிறகு ஒரு மூச்சு விட்டு, "அப்ப நீர் போனா எனக்கு ஆர் இருக்கினம்?" என்றார்.

அன்று வீட்டுக்கு வரும் வழி முழுக்க இரண்டாவது வசனம்தான் காதில் நின்றது. அந்த மாதம் இரண்டு நேர்ஸ்கள் விலகியிருந்தார்கள். ஆள் இல்லாமல் தவிக்கும் ஒரு மனேஜர், இருக்கிற ஆளை அனுப்பிவைக்க நல்ல கடிதம் எழுதுவாரா? அதற்குப் பிறகு கண்ணில் பட்டதெல்லாம் சாட்சியாகிவிட்டது. ஒரு நாள் அவர் அறைக்குள் போனபோது கணினித் திரையைச் சட்டென்று மூடினார். கடிதம் வந்துவிட்டதா என்று காட்டும் பக்கத்தில் கடைசி நாள் பின்னேரம் வரைக்கும் 'வரவில்லை' என்றே இருந்தது. அரண்டவன் கண்ணுக்கு இருண்டதெல்லாம் பேய் என்பார்கள். எனக்கு வெளிச்சத்திலேயே தெரிந்தது.

நேர்முகத்துக்கு அழைப்பு வந்தது. பயிற்சி கொடுத்தவர் கணவர். ரெக்ஸ்டேலில் பாண் சுடும் ஒரு தொழிற்சாலையில் வேலை செய்கிறார். அவர் வாழ்க்கையில் போன ஒரே பெரிய இன்ரவியூ, அவருடைய அகதி விசாரணை. அதில் வென்றவர் என்பதால் தன்னை அந்தத் துறையில் நிபுணராகவே நினைத்துக்கொண்டிருந்தார். சாப்பாட்டு மேசையின் மறுபக்கத்தில் உட்கார்ந்து என்னைக் குறுக்கு விசாரணை செய்தார்.

"கேட்டதுக்கு மட்டும் பதில் சொல்லும். மேலதிகமா ஒண்டும் குடுக்காதையும். ஒரு பிழையை ஒத்துக்கொண்டீரெண்டா எழுதி வைப்பினம். எழுதினா பிறகு அதைப் பிடிச்சுக்கொண்டே கேப்பினம்."

"இது படிப்புக்கான இன்ரவியூ எல்லோ."

"எல்லாம் ஒண்டுதான். மேசைக்கு அங்காலை இருக்கிறவை எல்லாரும் ஒரே ஆக்கள்."

சிரித்தேனே தவிர, நம்பினேன். இரண்டு சந்தேகப் பிராணிகள் ஒரு கூரையின் கீழ் வாழ்ந்தால் வீட்டில் வேறு என்ன படிப்பு நடக்கும்?

நேர்முகத்தில் எனக்கு எதிரே மூன்று பேர் இருந்தார்கள். நடுவில் இருந்த பெண், நான் வேலையில் விட்ட ஒரு பிழையைப் பற்றிச் சொல்லச் சொன்னார். இதோ பொறி என்று நினைத்தேன். நோயாளிக்குப் பாதிப்பு வரும்படி எந்தப் பிழையும் விட்டதில்லை, எதையும் இரண்டு தரம் பார்ப்பேன் என்றேன். சின்னதாக எதுவும் இல்லையா என்று திரும்பக் கேட்டார். இல்லை என்றேன். மூன்று பேரும் குனிந்து எழுதினார்கள். அசந்துபோய்விட்டார்கள் என்று நினைத்துக்கொண்டு காரை எடுத்தேன்.

இடம் கிடைக்கவில்லை. மின்னஞ்சலில் நான்கு வரி. நான்கையும் வாசித்து முடிக்க முதலே எனக்கு அது யார் வேலை என்று தெரிந்துவிட்டது. இந்தச் சம்பவம் முழுவதிலும் நான் எதையும் இரண்டாம் தரம் பார்க்காத ஒரே இடம் அதுதான்.

அடுத்த வாரம் அக்கா இடைவேளை அறைக்கு வந்து ஒரு அழைப்பிதழ் தந்தார். மகளுக்கு முதல் நன்மை, முதன்முதலாக நற்கருணை வாங்கும் நாள். வரும் ஒரு சனிக்கிழமை தேவாலயத்தில் பூசை, பிறகு மண்டபத்தில் விருந்து.

"கட்டாயம் வாரும். மகள் உம்மைத்தான் திருப்பித் திருப்பிக் கேக்கிறாள்," என்றார். படிப்பைப் பற்றியும் கேட்டார். கிடைக்கவில்லை என்றேன். அவர் முகம் வாடியது. நல்லாய் நடிக்கிறார் என்று நினைத்தேன்.

அன்று பின்னேரமே, சுவரில் தொங்கும் மேலதிக வேலைத் தாளில் அந்தச் சனிக்கிழமைக்கு நேரே என் பெயரை எழுதினேன். அந்தத் தாளில் ஒப்பம் வைக்கிறவர் அக்காதான். அவர் பார்க்க வேண்டும் என்றுதான் எழுதினேன். அடுத்த நாள் என் பெயருக்குப் பக்கத்தில் அவருடைய ஒப்பம் இருந்தது. ஒன்றும் கேட்கவில்லை.

வீட்டில் சொன்னபோது கணவருக்கே பிடிக்கவில்லை. "ஒரு விசேஷத்துக்குப் போகாமல் விடுறதெண்டா யோசிச்சு விடும். வந்தவையைச் சனம் மறந்துபோகும், வராதவையை மறக்காது," என்றார். நான் கேட்கவில்லை. அந்தச் சனிக்கிழமை பன்னிரண்டு மணித்தியாலம் வேலை செய்தேன். உள்ளே ஒரு திருப்தி இருந்ததையும் மறைக்க விரும்பவில்லை.

கோடை தொடங்கும்போது அந்தக் கல்லூரியிலிருந்து இன்னொரு மின்னஞ்சல் வந்தது. தெரிவாகாதவர்கள் விரும்பினால் பத்து நிமிடம் தொலைபேசியில் காரணம் கேட்கலாமாம். "தோத்தவனைக் கூப்பிட்டு ஏன் காரணம் சொல்லோணும்? இதுக்குள்ள ஏதோ இருக்கு," என்றார் கணவர். நானும் அப்படித்தான் நினைத்தேன். ஆனால் அக்காவின் கடிதத்தைப் பற்றி ஒரு சொல்லாவது தவறி விழாதா என்ற ஆசையில் எடுத்தேன். வைத்தியசாலை வாகனத் தரிப்பிடத்தில், காருக்குள் இருந்து.

பேசியது நடுவில் இருந்த அதே பெண். கடிதங்கள் எல்லாம் நன்றாக இருந்தன என்றார். முக்கியமாக மனேஜரின் கடிதம். உங்கள் புள்ளிகளை மட்டும் பார்த்திருந்தால் நேர்முகத்துக்கே கூப்பிட்டிருக்க மாட்டோம், அந்தக் கடிதத்துக்காகத்தான் கூப்பிட்டோம் என்றார். பிறகு தயங்கித் தயங்கிச் சொன்னார்: பிழையே விட்டதில்லை என்று சொல்லும் ஒருவரிடம் உறங்கும் மனிதரை ஒப்படைக்க எங்களுக்குப் பயமாக இருந்தது.

நன்றி சொல்லி வைத்தேன். காரை எடுக்க முடியவில்லை. என்னை உள்ளே அனுப்பிய கை அக்காவுடையது. வெளியே தள்ளியது என் வாய். அப்போதே மேலே போய் அவரிடம் சொல்லியிருக்க வேண்டும். சொல்லவில்லை. அவருக்கு எதுவும் தெரியாது, தெரியாத ஒன்றைச் சொல்லி ஏன் புண்படுத்த வேண்டும் என்று எனக்கு நானே நியாயம் சொன்னேன். உண்மையில் வெட்கம். அதோடு, கடிதம் இன்னொரு தரம் வேண்டும் என்ற கணக்கும் இருந்தது.

இலையுதிர் காலத்தில் மறுபடி விண்ணப்பிக்க அக்காவிடம் கடிதம் கேட்டேன். இந்த முறை அந்தச் சதுரத்தில் யோசிக்காமல் சரி போட்டேன். அக்கா "ஓம்" என்றார், அவ்வளவுதான். சோற்றுப் பெட்டி பகிர்வது எப்போதோ நின்றுபோயிருந்தது. கடிதம் அன்று பின்னேரமே போய்ச் சேர்ந்தது.

இரண்டாவது நேர்முகத்தில் அதே கேள்வி வந்தது. உண்மையைச் சொன்னேன். ஒரு நோயாளியின் இரத்த அழுத்தம் திரையில் விழுந்துகொண்டிருந்தது. கருவியைப் பொருத்தியது புதிதாகச் சேர்ந்த ஒரு நேர்ஸ் பிள்ளை. அவள் சரியாகப் பொருத்தியிருக்க மாட்டாள் என்று நான் வயரைக் கழற்றுவதும் பூட்டுவதுமாக நின்றேன். உண்மையாகவே அழுத்தம் விழுந்துகொண்டிருந்தது. அந்தப் பிள்ளைதான் டொக்டரைக் கூப்பிட்டாள். நோயாளி தப்பினார். "நான் எண்ணைச் சந்தேகிக்கவில்லை, ஆளைச் சந்தேகித்தேன்," என்றேன். சொல்லும்போது அந்தப் புதுப் பிள்ளையின் முகம் எனக்கு நினைவு வரவில்லை. அக்காவின் முகம்தான் வந்தது. நடுவில் இருந்த அதே பெண், அந்தப் பிள்ளையிடம் அதைச் சொன்னீர்களா என்று கேட்டார். சொன்னேன், ஆனால் மிகவும் பிந்தி என்றேன்.

இடம் கிடைத்தது. கணவர் கண்ணைத் துடைத்துக்கொண்டு, அனுமதிக் கடிதத்தை முழுக்க வாசியும், கீழே ஏதாவது நிபந்தனை இருக்கும் என்றார். இல்லை.

விலகல் கடிதத்தோடு அக்காவின் அறைக்குப் போனேன். எழுந்து கையைப் பிடித்து வாழ்த்தினார். நான் கதவைச் சாத்திவிட்டு எல்லாவற்றையும் சொன்னேன். கடிதத்தில் கெடுத்து எழுதியிருப்பார் என்று நினைத்தது, அதனால் விருந்துக்கு வராமல் விட்டது, அந்தத் தொலைபேசி அழைப்பு எல்லாம்.

"எனக்குத் தெரியும்," என்றார்.

"என்ன தெரியும் அக்கா?"

"தாளில உம்மட பேரைப் பாத்த உடனை விளங்கினது. வேலையில உமக்கு என்னைத் தவிர ஆரோட கோபம்?"

"தெரிஞ்சுகொண்டும் ஏன் ரெண்டாந்தரம் எழுதினனீங்கள்?"

"அவை கேட்டது நீர் எப்பிடிப்பட்ட நேர்ஸ் எண்டு. அதுக்கு முதல் வருஷமும் அதே பதில்தான், ரெண்டாம் வருஷமும் அதே பதில்தான்." விலகல் கடிதத்தில் ஒப்பமிட்டு என் பக்கம் தள்ளினார். "அண்டைக்கு மகள் தனக்குப் பக்கத்துக் கதிரையில கைப்பையை வைச்சு உமக்கெண்டு பிடிச்சு வைச்சிருந்தவள். கேக் வெட்ட எல்லாரும் கூப்பிட, கொஞ்சம் பொறுங்கோ, அன்ரி வருவா எண்டு சொல்லிக்கொண்டு நிண்டவள். நீர் வேலையில எண்டு எனக்குத் தெரியும். அவளுக்கு என்னெண்டு சொல்லுறது?"

நான் அழுதேன். அவர் அழவில்லை. போக முதல் ஒரு நாள் வீட்டுக்கு வந்து மகளிடம் மன்னிப்புக் கேட்கட்டுமா என்று கேட்டேன்.

"வேண்டாம்," என்றார். குரலில் கோபம் எதுவும் இல்லை. "அவள் இப்ப ஒருத்தருக்கும் கதிரை பிடிச்சு வைக்கிறேல்லை."